இரு வாயில்கள் கொண்ட ஒரு வீடு: மனச்சோர்வும் இல்லற நிறைவும்

(செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சின் இடைக்குறிப்புகள் சுருக்கப்பட்டுள்ளன.)



கணவன் மனைவி இருவரில் ஒருவருடைய மனம் சோர்ந்தால் அவர்களுடைய இல்லறம் வாடும் என்பதும், இல்லறம் கசந்தால் மனம் சோரும் என்பதும் எல்லாரும் அறிந்தவை. ஆனால் இந்த இரண்டில் எது முந்துகிறது, அந்த வரிசை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானா என்ற கேள்வியைக் குடும்பங்களும் பஞ்சாயத்துகளும் மருத்துவமனைகளும் போதிய அளவு கேட்டதில்லை. செஞ்சியின் கீழ்க்கோட்டைக்கு வடக்கே ஆற்காட்டு வாயிலும் கிழக்கே புதுச்சேரி வாயிலும் இருப்பதைப் போல, துயரம் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கும் இரண்டு வாயில்கள் உண்டு. பெண்ணிடம் அது பெரும்பாலும் உறவின் வழியாக மனத்துக்கு வருகிறது. ஆணிடம் அது பெரும்பாலும் மனத்தின் வழியாக உறவுக்கு வருகிறது. ஆகவே பெண் சோர்ந்திருக்கும்போது அவளுடைய வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும், ஆண் வீட்டில் முரண்படும்போது அவனுடைய மனத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து. நடைமுறையில் இதற்கு நேர் எதிரானதே நடந்துவருகிறது என்பதால், இக்கருத்தைச் சான்றுகளோடு ஒன்பது கூறுகளாக விளக்க வேண்டியிருக்கிறது.

1. சொற்களின் பொருள்

மனச்சோர்வு என்ற சொல் இவ்வுரையில் இரண்டு அளவுகளைக் குறிக்கிறது. சில நாள்கள் வந்து போகும் சலிப்பு, ஏக்கம், எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை ஒரு முனை. இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் வேலையையும் கெடுத்து, வாழ்வில் விருப்பமே அற்றுப்போகச் செய்யும் மனச்சோர்வு நோய் மறுமுனை. இவற்றுக்கிடையே தெளிவான வேலி எதுவும் இல்லை. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகளைக் கொண்ட வினாப்பட்டியல் போன்ற அளவுகோல்களால் ஒருவர் இந்த நீட்சியில் எங்கே நிற்கிறார் என்று மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

உறவு நிறைவு என்பது தம் துணையோடு வாழும் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் தாமே தம் மனத்துக்குள் தரும் மதிப்பீடு. கிரஹாம் ஸ்பேனியர் 1976இல் வெளியிட்ட 32 கேள்விகள் கொண்ட அளவுகோல் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. ஒருமித்த முடிவுகள், அன்பின் வெளிப்பாடு, சேர்ந்து செய்யும் செயல்கள், பிரிந்துவிடலாமா என்ற எண்ணம் முதலியவற்றை அது கேட்டது. பிரியாமல் வாழ்வது வேறு, நிறைவோடு வாழ்வது வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். விவாகரத்து குறைவாக உள்ள ஊரில் நிறைவு மிகுதி என்று யாரும் முடிவுகட்டிவிட முடியாது.

2. இணைப்பின் வலிமை

இந்த இரண்டும் இணைந்தே ஏறி இறங்குகின்றன என்பதற்குச் சான்றுகள் ஏராளம். மார்க் விஸ்மன் 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, மணவாழ்வு நிறைவுக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான எதிர்த்தொடர்பு பெண்களிடம் 0.42 ஆகவும் ஆண்களிடம் 0.37 ஆகவும் இருந்தது. எதிர்த்தொடர்பு என்பது ஒன்று கூடும்போது மற்றது குறைவதைக் காட்டும் எண். பூச்சியம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு. மனித மனத்தைப் பற்றிய ஆய்வுகளில் 0.4 என்பது குறிப்பிடத்தக்க அளவு. விஸ்மனும் மார்த்தா புரூஸும் 1999இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மணவாழ்வில் நிறைவற்றவர்களுக்கு அடுத்த ஓராண்டில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு நிறைவுள்ளவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

தமிழ்நாட்டிலும் இதன் சாயலைக் காணலாம். சென்னையில் 25,455 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில் மனச்சோர்வு 15.1 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது, பெண்களிடம் 16.3, ஆண்களிடம் 13.9. மணமுறிவு பெற்றோரிடமும் துணையை இழந்தோரிடமும் அது மணவாழ்வில் இருப்போரைவிட மிகுந்திருந்தது. ஆனால் ஒரே நேரத்தில் எடுக்கப்படும் கணக்கு, இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று மட்டுமே சொல்லும். எது முன்னே வந்தது என்று சொல்லாது. அதற்கு ஒரே தம்பதியரைக் காலம் கடந்து மீண்டும் காண வேண்டும்.

3. திசையைத் தேடிய ஆய்வு

ஃபிராங்க் ஃபின்சமும் ஸ்டீவன் பீச்சும் உடன் ஆய்வாளர் இருவரும் 1997இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை எனலாம். புதிதாக மணமான 150 தம்பதியரிடம் மனச்சோர்வையும் மணவாழ்வு நிறைவையும் அளந்த அவர்கள், பதினெட்டு மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தார்கள். முதல் அளவீட்டில் நிறைவு குறைந்திருந்த மனைவியரிடம் பின்னர் மனச்சோர்வு கூடியிருந்தது. முதல் அளவீட்டில் சோர்ந்திருந்த கணவரிடம் பின்னர் நிறைவு குறைந்திருந்தது. மனைவியரிடம் அம்பு உறவிலிருந்து மனத்தை நோக்கியும், கணவரிடம் மனத்திலிருந்து உறவை நோக்கியும் பாய்ந்தது.

அதற்கு முன்பு, மணவாழ்வில் ஏற்படும் முரண்பாடு துணையின் ஆதரவைக் குறைத்து நெருக்கடியைக் கூட்டுவதால் மனச்சோர்வு உண்டாகிறது என்ற கொள்கையும், மனச்சோர்வுற்றவர் ஓயாமல் உறுதிமொழி தேடுவதால் உடனிருப்போர் களைத்து விலகுகிறார்கள் என்று ஜேம்ஸ் காய்ன் 1976இல் முன்வைத்த கொள்கையும் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கருதப்பட்டன. இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் யாருக்கு மிகுதியாகப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும் என்ற சிந்தனைக்கு 1997ஆம் ஆண்டின் ஆய்வு வழிதிறந்தது.

4. பெண்ணின் வாயில்

உறவின் கசப்பு பெண்ணின் மனத்துக்குள் இறங்குவதற்கு அவளுடைய இயல்பைக் காரணமாகச் சொல்வது எளிது. சான்றுகள் அவளுடைய நிலைமையையே காரணமாகக் காட்டுகின்றன. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் வெளியிட்ட நூல், நெருக்கடி வரும்போது மனச்சோர்வுக்கு இட்டுச்செல்லும் நான்கு பலவீனங்களைக் குறித்தது. மனம்விட்டுப் பேசத்தக்க நெருங்கிய துணை இல்லாமை, பதினொரு வயதுக்குள் தாயை இழந்திருத்தல், வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவர் அல்லது அதற்கு மேல் இருத்தல், வெளியே வேலை இல்லாமை என்பனவே அவை. நான்கில் முதலாவது உறவின் தரத்தைக் குறிக்கிறது. கடைசி இரண்டும் அந்த உறவைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத வாழ்க்கையைக் குறிக்கின்றன.

போக்கிடம் இல்லாதபோது மனம் உள்ளேயே சுழல்கிறது. சூசன் நோலன்-ஹோக்ஸிமா இதை ஆராய்ந்து, துயரத்தின் காரணத்தையும் விளைவையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கும் வழக்கம் பெண்களிடம் மிகுதி என்றும், அது சோர்வை நீட்டிக்கிறது என்றும் காட்டினார். மாடு தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதைப் போன்ற இதனை அசைபோடல் என்ற சொல்லால் தமிழில் குறிக்கலாம். டானா ஜாக் 1991இல் மற்றொன்றைச் சுட்டினார்: உறவு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெண் தன் கருத்தையும் கோபத்தையும் விழுங்கி வாய்மூடி வாழப் பழகுகிறாள், உறவைக் காக்கும் அந்த மௌனமே அவளைச் சோர்வில் தள்ளுகிறது. ‘பொறுத்துப் போ’ என்ற அறிவுரையைத் தாய்வீட்டிலும் புகுந்தவீட்டிலும் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை இல்லை.

இந்தச் சோர்வு மருத்துவமனைக்கு எந்த உருவில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் வரிசையில் நிற்கும் பெண் ‘மனசு சரியில்ல’ என்று முதலில் சொல்வதில்லை. ‘தலை பாரமா இருக்கு, கைகால் அசதி, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, ராத்திரி தூக்கம் புடிக்கல’ என்கிறாள். சீட்டில் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதப்படுகின்றன. அழைத்துவந்த கணவர் வெளியே வேப்பமரத்தடியில் வண்டியருகே நிற்கிறார். அவர் உள்ளே அழைக்கப்படுவதில்லை. வீட்டில் யாரோடு பேச முடிகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்க இரண்டு நிமிடம் போதும் என்றாலும், அந்த இரண்டு நிமிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

உடலின் மொழியில் பேசும் இத்துயரைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. திருக்குறளின் கற்பியலில் உள்ள 18 அதிகாரங்களில் பசப்புறு பருவரல், உறுப்புநலன் அழிதல் ஆகிய இரண்டும் பிரிவின் துயரம் பெண்ணின் நிறத்திலும் கண்ணிலும் தோளிலும் தெரிவதைப் பேசுகின்றன. பசலை எனப்படும் அந்த நிறமாற்றம் நோய்க்குறி ஆகாது, அது ஓர் இலக்கிய மரபே; ஆயினும், உறவில் நேர்ந்தது உடலில் தெரியும் என்ற அறிவு அதில் பொதிந்திருக்கிறது.

5. இல்லறம் இருவரோடு முடிவதில்லை

மேலைநாட்டு ஆய்வுகள் உறவு என்றால் கணவன் மனைவி இருவரையே கருதுகின்றன. செஞ்சி வட்டாரத்திலோ தமிழகத்தின் பிற சிற்றூர்களிலோ ஒரு பெண்ணின் இல்லறம் மாமியார், நாத்தனார், ஓரகத்தி, தாய்வீடு என்று விரிகிறது. செஞ்சிக்கு வடமேற்கே வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. கருவுற்ற காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். மகப்பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் 301 பேர் மீண்டும் காணப்பட்டபோது, புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காட்டினர்.

அவர்களைச் சோர்வில் தள்ளிய காரணங்களாகக் குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்திருத்தல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவை கண்டறியப்பட்டன. இப்பட்டியலில் மாமியாரும் பிறந்த குழந்தையின் பாலினமும் இடம்பெறுவதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ‘பொட்டப்புள்ளையா’ என்று பேறுகால அறை வாசலில் கேட்கப்படும் ஒரு சொல், சில வாரங்கள் கழித்து ஒரு தாயின் மனநலக் கணக்கில் வந்து நிற்கிறது. அதே ஆண்டில் கோவாவில் விக்ரம் பட்டேலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்விலும் கணவனின் வன்முறையும் பெண்குழந்தைப் பிறப்பும் தாயின் சோர்வோடு தொடர்புற்றிருந்தன.

ஆகவே பெண்ணின் உறவு நிறைவைத் தமிழ்நாட்டில் அளக்க விரும்புவோர் கணவனைப் பற்றி மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மனைவிக்கும் தாய்க்கும் இடையே முரண்பாடு வரும்போது கணவன் எங்கே நிற்கிறான் என்பதும், தாய்வீட்டுக்குப் போய்வர அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பதும் சேர்ந்ததே அவளுடைய இல்லற நிறைவு.

6. ஆணின் வாயில்

ஆணிடம் துயரம் வேறு முகத்தோடு வருகிறது. மனம் சோர்ந்த ஆண் அழுவது அரிது. எரிந்துவிழுவது, பேச்சைக் குறைப்பது, வீட்டுக்குத் தாமதமாக வருவது, குடிப்பது என்று அந்தச் சோர்வு நடத்தையாக வெளிப்படுகிறது. வீட்டார் அதை நோயாகப் பார்ப்பதில்லை, குணமாகப் பார்க்கிறார்கள். ‘அவரு முன்ன மாதிரி இல்ல’ என்று மனைவி சொல்லும்போது அச்சொல் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு நோயின் முதல் அறிகுறியை அவள்தான் கண்டு சொல்கிறாள் என்று யாரும் கருதுவதில்லை.

செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு காத்திருக்கும் உழவரை எண்ணிப் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. மல்லாட்டை விளைச்சல் கைகொடுக்கவில்லை. பயிர்க்கடன் தவணை நெருங்குகிறது. மறைமுக ஏலத்தில் தம் குவியலுக்கு விழுந்த விலை அவர் போட்ட கணக்குக்குக் கீழே நிற்கிறது. இவற்றில் எதுவும் மனைவியிடமிருந்து தொடங்கவில்லை. ஆனால் அன்றிரவு ‘என்ன வெல போச்சு?’ என்று அவள் கேட்கும் கேள்விக்குச் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுவதுதான் விடையாக வருகிறது. வயலில் தொடங்கிய சோர்வு உறவில் வந்து முடிகிறது. பொருளீட்டுவதில் தோற்றவன் கணவனாகவும் தோற்றவன் என்ற எண்ணத்தைச் சமூகம் ஆணுக்குள் விதைத்திருப்பதால்தான் இந்தப் பாதை இவ்வளவு அகலமாக இருக்கிறது.

இதன் கொடிய எல்லையைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு காட்டுகிறது. 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 19,834 பேர். நாடு முழுவதும் குடும்பச் சிக்கல் என்று காரணம் குறிக்கப்பட்டவை 31.7 விழுக்காடு. மனச்சோர்வு பெண்களிடம் மிகுதி என்று ஆய்வுகள் சொல்லும்போது, இப்படி இறப்போர் ஆண்களிடம் மிகுதி என்பதற்கு, ஆண்களின் சோர்வு கண்டறியப்படாமலே முற்றிவிடுவதும் ஒரு காரணம். அதே கணக்கில் இல்லத்தரசிகள் 25,309 பேர் என்பதும் மறக்கக் கூடாதது. இரு வாயில்களிலும் காவல் இல்லை என்பதற்கு இந்த எண்களே போதும்.

செஞ்சியின் நினைவிலேயே இதற்கான வார்ப்புகள் இருக்கின்றன. 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம் வயதில் இறந்த தேஜ் சிங், தேசிங்கு ராஜனாக நாட்டார் கதைப்பாடலில் வாழ்கிறான். அவனுடைய குதிரையும் வீரமும் நட்பும் பாடப்படுகின்றன. அவனுடைய மனத்தில் என்ன அச்சம் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவனுடைய மனைவியோ உடன்கட்டை ஏறியவளாகவும், அவள் பெயரால் இராணிப்பேட்டை அமைந்ததாகவும் மட்டுமே நினைவில் நிற்கிறாள்; அதற்கு முன் அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு நினைவில் இடமில்லை. ஆணுக்குத் துயரப்பட இடம் தராத, பெண்ணுக்கு உறவைத் தவிர வேறு அடையாளம் தராத இந்த இரு வார்ப்புகளும் இன்றைய வீடுகளிலும் தொடர்கின்றன.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூரின் தலபுராணமும் ஒரு கணவனின் கலங்கிய மனத்தைப் பற்றியதே. பிரமனின் தலையைக் கொய்த பழியால் கபாலம் கையில் ஒட்டிக்கொள்ள, பித்தனாக அலைந்த சிவனை அங்காளம்மன் அங்கே மீட்டதாகக் கதை. அமாவாசை இரவுகளில் அங்கே திரளும் மக்களின் நம்பிக்கையை இகழ யாருக்கும் உரிமை இல்லை. மனத்துயரோடு வருவோரை விரட்டாமல் ஏற்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆயினும் பித்துற்ற கணவனை மீட்கும் பொறுப்பைத் தெய்வம் ஏற்றதுபோல் சாதாரணப் பெண் ஒருத்தி தனியாக ஏற்க முடியாது. அவளுக்கு மருத்துவமும் அண்டை அயலும் அரசும் துணை நிற்க வேண்டும்.

7. மறுப்புகளும் வரம்புகளும்

பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையிலான இந்தத் திசை வேறுபாட்டை மிகைப்படுத்தக் கூடாது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஜோவான் டவிலாவும் உடன் ஆய்வாளர்களும் புதுமணத் தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பலமுறை அளந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அம்பு இரு திசைகளிலும் பாய்ந்தது. ஆண் பெண் வேறுபாடு எதிர்பார்த்த அளவுக்குத் தெரியவில்லை. விஸ்மனும் புரூஸும் செய்த ஆய்விலும் நிறைவின்மையால் வரும் ஆபத்து இருபாலருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இரு பாதைகளும் இரு பாலருக்கும் திறந்தே இருக்கின்றன. எந்தப் பாதையில் கூட்டம் மிகுதி என்பதில்தான் வேறுபாடு.

கான்ஸ்டன்ஸ் ஹேமன் 1991இல் முன்வைத்த கருத்து இதை மேலும் தெளிவாக்குகிறது. மனச்சோர்வுற்றவர் நெருக்கடியால் தாக்கப்படுவதோடு நில்லாமல், தம் சோர்வின் காரணமாகவே உறவுகளில் புதிய நெருக்கடிகளையும் உண்டாக்குகிறார். அவை திரும்பவும் சோர்வைக் கூட்டுகின்றன. செக்கிழுக்கும் மாடு போல இந்தச் சுழற்சி சுற்றிச் சுற்றி வருவதால், எங்கே தொடங்கியது என்பது சில ஆண்டுகளில் மறைந்துவிடும். அதனால்தான் தொடக்க ஆண்டுகளிலேயே கவனிக்க வேண்டியிருக்கிறது. மேலும் இந்த வேறுபாடு பிறப்பால் வந்தது என்பதைவிட, யாருக்கு எத்தனை போக்கிடங்கள் இருக்கின்றன என்பதால் வந்தது என்று கொள்வதே பொருத்தம். வேலையும் வருமானமும் தோழியரும் உள்ள பெண்ணிடம், உறவின் கசப்பு மனத்தை முழுவதும் விழுங்கும் வலிமை குறைகிறது.

8. மணத்துக்கு முந்திய காதல்

இளையோரைப் பற்றியும் சில சொற்கள் தேவை. அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்து காரா ஜாய்னரும் ரிச்சர்ட் உட்ரியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, காதல் உறவில் ஈடுபட்டோரிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடியது என்றும், அந்தக் கூடுதல் பெண்களிடமே மிகுதி என்றும் கண்டது. பெற்றோருடனான உறவில் ஏற்பட்ட பின்னடைவும் அதற்கான காரணங்களில் ஒன்று. காதலையே மறைக்க வேண்டியிருக்கும் நம் ஊர்களில் சுமை இன்னும் கூடும். சாதி கடந்த காதலாக இருந்தால் அச்சமும் சேர்ந்துகொள்ளும். காதல் முறிந்த பெண் படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்தப்படுகிறாள், காதல் முறிந்த ஆண் நண்பர்களின் கேலிக்கு நடுவே குடிக்கப் பழகுகிறான். இருவருக்கும் அழுவதற்கு ஓர் இடமும், அறிவுரை கூறாமல் கேட்பதற்கு ஒரு மனிதரும் வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் இதை ஒழுக்கச் சிக்கலாக மட்டும் பார்ப்பதைக் கைவிட வேண்டும் என்று இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.

9. வாயில்களைத் திறப்பது எப்படி

தொல்காப்பியக் கற்பியல் தலைவன் தலைவியரின் ஊடலைத் தீர்க்க வரும் இடைமாந்தரை வாயில்கள் என்று அழைத்து, தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர், கண்டோர் முதலாகப் பன்னிருவரைப் பட்டியலிடுகிறது. இருவருக்கிடையே பேச்சு நின்றுவிட்டால் மூன்றாமவர் ஒருவர் வழியாகவே அது மீண்டும் தொடங்கும் என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது. இன்றைய குடும்பத்தில் அந்தப் பன்னிருவரில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், தனிமையின் அளவு விளங்கும்.

புதிய வாயில்களை உருவாக்க முடியும் என்பதற்குக் கோவா சான்று. அங்கே மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி தந்து, கடும் மனச்சோர்வுற்றோரோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசச் செய்த திட்டத்தின் முடிவு 2017இல் வெளியானது. சோர்வு குறைந்தது, அதோடு பெண்கள் தம் துணையிடமிருந்து அனுபவித்த உடல்வன்முறையும் குறைந்திருந்தது. மறுபுறம், டேனியல் ஓ’லியரியும் ஸ்டீவன் பீச்சும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மணவாழ்வு கசந்து மனம் சோர்ந்த மனைவியருக்குத் தனிநபர் சிகிச்சை சோர்வை மட்டும் தணித்தது. கணவனையும் சேர்த்து அளித்த இணையர் சிகிச்சை, சோர்வைத் தணித்ததோடு மணவாழ்வையும் மேம்படுத்தியது. உறவின் வழியாக வந்த துயருக்கு உறவையும் சேர்த்தே மருந்து தர வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே கட்டாயம் சொல்லப்பட வேண்டும். அடி விழும் வீட்டில் ‘சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள்’ என்ற அறிவுரை பெண்ணுக்குத் தீங்காக முடியும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகக் கூறியிருக்கிறார்கள். கணவனின் மனச்சோர்வு அவனுடைய நடத்தையை விளக்கலாம், அவன் ஓங்கிய கையை நியாயப்படுத்தாது. அத்தகைய வீடுகளில் முதல் தேவை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற மகளிர் உதவி எண்ணும் அதற்காகவே இருக்கின்றன.

செய்யத்தக்கவற்றில் எளியது கேள்வியை மாற்றுவதுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுத் திண்ணை வரை வருகிறார்கள். அதே திண்ணையில் மனைவியிடம் ‘வீட்டுல யார்கிட்ட மனசுவிட்டுப் பேசுறீங்க?’ என்றும், கணவரிடம் ‘ராத்திரி தூக்கம் வருதா, முன்ன புடிச்ச வேலை இப்பவும் புடிக்குதா?’ என்றும் கேட்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் தவணைக் கணக்கு முடிந்தபின் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கலாம். ஆண்கள் கூடும் தேநீர்க் கடையிலும் விற்பனைக்கூடத்திலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எழுதி ஒட்டலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தச் சேவையில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இறந்துவிடலாம் என்ற எண்ணம் யாரிடமேனும் தலைகாட்டினால் அவரைத் தனியே விடாமல், அன்றே அந்த எண்ணையோ அரசு மருத்துவமனையையோ நாடுவது உடனிருப்போரின் கடமை.

நிறைவுரை

அவையோரே, இவ்வுரை கூறியவற்றை இப்படித் தொகுக்கலாம். மனச்சோர்வும் உறவு நிறைவும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுப்பு பெண்ணிடம் உறவிலிருந்தும் ஆணிடம் மனத்திலிருந்தும் தொடங்குவது சற்று மிகுதி. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் சமூகம் இருவருக்கும் வகுத்துத் தந்த இடமே. இப்போது பெண்ணின் துயரம் அவளுடைய உடம்பின் குறையாக எண்ணப்பட்டு மாத்திரையோடு அனுப்பப்படுகிறது. ஆணின் துயரம் அவனுடைய நடத்தையின் குறையாக எண்ணப்பட்டுப் பஞ்சாயத்துக்கு அனுப்பப்படுகிறது. மாத்திரைச் சீட்டு எழுதுபவர் வேப்பமரத்தடியில் நிற்கும் கணவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசும் நாளும், தீர்ப்புச் சொல்ல வந்த பெரியவர் ‘உனக்கு ராத்திரி தூக்கம் வருதாப்பா?’ என்று முதலில் கேட்கும் நாளும் இந்த ஊரில் வர வேண்டும். அதற்குப் புதிய மருத்துவமனையோ பெரும் பொருளோ தேவையில்லை. இந்த அவையில் இருக்கும் செவிலியரும் ஆசிரியரும் குழுத் தலைவியரும் நாளைக் காலையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.